மேல வீட்டுத் தாத்தாவும் ஏழு இளநீரும்

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் ஒரே ஒரு கொலைக்குத்தான் ஊர்க்காரர்களே துப்புத் துலக்கினார்கள். துலக்கியவர்கள் என் பெரியம்மாவும் என் சித்தியும். சாயங்கால பஸ்ஸில் போலீஸ் வந்து இறங்குவதற்குள் கண்டுபிடித்தும் விட்டார்கள். பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். நாற்பது வருஷம் ஆகப் போகிறது, இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது. இதில் இன்னொரு கூத்து, அந்த இருவருக்கும் அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது.

அப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் சம்சாரம் பெரியம்மா, தம்பி சம்சாரம் சித்தி. மூன்று வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே ஆட்டுரல். பெரியம்மா வாட்டசாட்டமான ஆள். அவள் நுழையாத அடுப்படி ஊரில் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பாள், அப்புறம்தான் சௌக்கியமா என்று கேட்பாள். சித்தி டவுனில், ஆரப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், ஊதினால் பறந்துவிடுவாள். பத்தாவது வரை படித்தவள் என்பதால் வாராவாரம் பத்திரிகையில் வரும் மர்மத் தொடர்கதையைக் கத்தரித்துத் தைத்துப் புத்தகமாக வைத்திருப்பாள். கிணற்றடிக்குக்கூடச் செருப்புப் போட்டுக்கொண்டு வருவாள். பெரியம்மாவுக்குப் பாதிக் கோபம் அந்தச் செருப்பின் மேல்தான்.

மீதிக் கோபம் பொங்கலில் வந்தது. கல்யாணமான வருஷம் சித்தி குலசாமி கோவிலில் முதல் தடவையாகப் பொங்கல் வைத்தாள். பெரியம்மா பானைக்குள் எட்டிப் பார்த்து, “இத வச்சு எலெக்சன் நோட்டீசு ஒட்டலாம் போலருக்கே” என்றாள். சித்தி சும்மா இருந்திருக்கலாம். “ஒட்டுங்க. மொதல்ல உங்க வாயில ஒட்டுங்க” என்று சொல்லிவிட்டாள். அன்றோடு முறிந்தது. இரண்டு வருஷம்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பேச்சு முறிந்தால் நடுவில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வார்கள். எங்கள் முற்றத்துக்கு அந்தப் பிள்ளை நான். “உங்க சித்திட்ட சொல்லு, ஒரலக் கழுவி வைக்கச் சொல்லு” என்பாள் பெரியம்மா. சித்தி மூன்றடி தூரத்தில்தான் நிற்பாள், காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திரும்பி, “சித்தி, ஒரலக் கழுவி வைக்கணுமாம்” என்று சொன்ன பிறகுதான் அவள் பதில் சொல்வாள், அதையும் என்னிடமே. நாலாம் வகுப்புப் படிக்கிற எனக்கு இது பெரிய உத்தியோகம். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வசவைக்கூட வசவாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

மேல வீட்டுத் தாத்தா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய், பதினாலு மாதம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர். விடியக்காலையில் உயிர் போய்விட்டது என்றார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றதில் எனக்குச் சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். பெரியம்மாவும் சித்தியும் முன்னும் பின்னுமாகப் போனார்கள், நடுவில் நான். அம்மா தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பத்து மணி பஸ்ஸில் தாத்தாவின் மகள் ஆனையூரிலிருந்து வந்து இறங்கினாள். அவளை நாங்கள் ஆனையூர் அத்தை என்போம். தெரு முனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து, அப்பா மேல் விழுந்து, முகத்தைத் தடவினாள், தலையைத் தடவினாள். தடவிய கை அப்படியே நின்றது. அழுகையும் நின்றது. அப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள் பாருங்கள், என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

“என்னப் பெத்த அப்பாவே, எழுந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லிருங்க. பாலுன்னு குடுத்தாகளா, பாசாணம் குடுத்தாகளா...”

ஒப்பாரியில் வைத்து யாரை என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசக் கூடாது. அது துக்கம், சண்டை இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால் அத்தை ஒப்பாரியோடு நிறுத்தவில்லை. எழுந்து நின்று, தம்பி பெண்டாட்டியைக் கையை நீட்டிக் காட்டினாள்.

“எங்கப்பாவுக்கு மருந்து குடுத்துட்டா இவ. எங்க வீட்டுக்காரருக்கு ஆளு அனுப்புறேன், சாயங்கால பஸ்ஸுக்குப் போலீசோட வந்துருவாரு. அதுவரைக்கும் யாரும் நீர்மாலைக்குப் போகக் கூடாது. எங்கப்பாவத் தொடவும் கூடாது.”

நீர்மாலை என்பது பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவது. அது நடக்காமல் பிணத்தைத் தூக்க முடியாது. பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தாத்தாவின் மகன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். பழி சுமத்தப்பட்ட மருமகளை நான் மேல வீட்டு அக்கா என்று கூப்பிடுவேன். அவள் மூலையில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளைச் சுற்றி வெறும் தரைதான் இருந்தது.

கொலை என்றால் சித்தியின் தொடர்கதையில் சீமையிலோ மெட்ராசிலோ நடப்பது. எனக்குப் பேன் பார்த்துவிடுகிற அக்கா கொலை செய்வாளா? போலீஸ் வந்தால் அந்தக் கைப்பிள்ளையையும் ஜெயிலில் போடுவார்களா?

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மேல வீட்டு அக்கா அவள் பிறந்த ஊர்ப் பிள்ளை. “அது புள்ளப்பூச்சியக்கூட நசுக்காதுடி” என்று முணுமுணுத்தாள். சித்திக்கும் அவள் வேண்டியவள்தான். டவுனிலிருந்து வந்த புதிதில் இறைகயிறு பிடிக்கத் தெரியாமல் முழித்தபோது, சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தவள் அந்த அக்கா ஒருத்திதான். இருவரும் ஒரே நேரத்தில் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள், ஆளுக்கொரு கையை.

“உங்க பெரியம்மாட்ட சொல்லு. மருந்து குடுத்திருந்தா மருந்து பாட்டில் தொறந்திருக்கும். பரண்ல பாக்கச் சொல்லு” என்றாள் சித்தி. சொன்னேன். அடுப்படிக்குள் நுழைவதற்குப் பெரியம்மாவுக்குச் சொல்லியா தர வேண்டும்? போன சுருக்கில் திரும்பினாள். “சொல்லு உங்க சித்திட்ட. பருத்திக்கு வாங்குன மருந்து, சீலு ஒடைக்காம அப்படியே கெடக்கு.”

“அப்ப வாய மோந்து பாக்கணும். மருந்துன்னா வாடை காட்டிக் குடுத்துரும்.”

“மோந்து பாக்க நான் என்ன நாயான்னு கேளு.”

கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா, “ஐயோ எங்க மாமாஆஆ!” என்று கையை விரித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தொடக் கூடாது என்று ஆனையூர் அத்தை கத்துவதற்குள் தாத்தாவின் மார்பில் பொத்தென்று விழுந்து, முகத்தோடு முகம் வைத்து ஓவென்று அழுதாள். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

“சொல்லு. ஒரு மருந்து வாடையும் இல்ல. எளநி வாடை அடிக்குது. தலையில...”

நிறுத்திவிட்டாள். தன் விரல்களைப் பார்த்தாள், முந்தானையில் துடைத்தாள்.

“தலையில என்னன்னு கேளு” என்றாள் சித்தி.

“ஒண்ணும் இல்லன்னு சொல்லு.”

ஒண்ணும் இல்லை என்று பெரியம்மா சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சித்திக்கும் சந்தேகம் வந்துவிட்டது. விலகிக் கிடந்த வேட்டியைச் சரிசெய்கிற மாதிரிக் கட்டிலருகே போனவள், வெளியே வந்து என் காதில் பேசினாள். காதில் என்றாலும் பெரியம்மாவுக்குக் கேட்கிற அளவுக்குத்தான். “நல்லெண்ணெய், சீயக்கா. நீர்மாலையே இன்னும் எடுக்கல, அதுக்குள்ள யாரு குளிப்பாட்டுனதுன்னு கேளு.”

“உங்க சித்திய வீட்டுக்குப் போயி ஒலய வைக்கச் சொல்லு” என்றாள் பெரியம்மா. முகம் வெளிறியிருந்தது.

“போக மாட்டேன்னு சொல்லு.”

“எங்கயாச்சும் வம்புல மாட்டிக்கிருவான்னு சொல்லு.”

“பயந்துட்டாங்களான்னு கேளு.”

சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். குப்பைக் குழியில் வைக்கோலுக்கு அடியில் வெட்டிய இளநீர்க் கூடுகள் கிடந்தன. குச்சியால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி எண்ணினாள். ஏழு. அந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு இளநீர் வாங்க யோசிப்பார்கள். சித்தியின் கண் பளபளவென்று ஆகிவிட்டது. மருந்தை ஊசியில் ஏற்றி இளநீருக்குள் செலுத்தியிருப்பார்கள் என்று சொல்லி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கூடாகத் திருப்பி ஊசி ஓட்டையைத் தேட ஆரம்பித்தாள். பெரியம்மா கிணற்றுச் சுவரில் சாய்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பெரியம்மாட்ட சொல்லு. எண்ணெ தேச்சு விட்டது யாருன்னு தெரிஞ்சா போதும். அவுங்கதான் எளநியும் குடுத்திருப்பாங்க. அந்த ஆளப் பிடிச்சு நிறுத்திட்டா இந்தப் புள்ள தப்பிச்சிரும். நேத்து இந்த வீட்டுக்கு வெளியாளு யாரு வந்ததுன்னு கேக்கச் சொல்லு.”

நான் அதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லையே, எனக்குத்தான் பதில் தெரியுமே! சும்மாவா சொன்னார்கள், தவளை தன் வாயால் கெடும் என்று.

“எங்கம்மாதான் சித்தி! நேத்து விடியக்காலம் செம்பு நெறைய எண்ணெ எடுத்துட்டு எங்கம்மாதான் போச்சு. நானும் வாரேன்னேன், வேணான்னுருச்சு.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டால் பிள்ளை அழாமல் தூங்கிவிடும். பச்சைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, தாத்தாவுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட கை!

சித்தியின் கையிலிருந்த கூடு கீழே விழுந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பெரியம்மாவைப் பார்த்தாள்.

“என்னக்கா சொல்றா இவ?”

“மெதுவாப் பேசு புள்ள. சுவத்துக்குக் காது இருக்கு.”

அக்கா! புள்ள! இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிவிட்டார்கள், அதுவும் என்னால்! எனக்குத் தலைகால் புரியவில்லை. குதித்தேன். அவர்கள் இருவரும் நான் ஒருத்தி இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

“உங்க ஊர்ல கெடயாதா? இங்க உண்டு” என்றாள் பெரியம்மா. “தேறவும் மாட்டாக, போகவும் மாட்டேங்குறாகன்னா, எண்ணெ வச்சுக் குளுர குளுரத் தலைக்கு ஊத்தி, எளநியக் குடுத்துருவாக. ஒடம்பு தாங்காது. மறுநா விடிஞ்சா முடிஞ்சிரும். ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. தொட்ட ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாரு கைன்னுதான் தெரியல.”

சித்தி அந்தக் குப்பைக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலையில் சாணி ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“அப்ப அது கொலதானக்கா?”

“எனக்கு என்னத்தத் தெரியும் தாயி. அந்தப் புள்ள வாயே தொறக்காம உக்காந்திருக்கே, ஏன்? தொறந்தா நம்ம வீட்டுக்காரி பேரச் சொல்லணும்.”

மூவரும் வீட்டுக்கு ஓடினோம். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, கீழே ஒரு உமிகூட இல்லை. பெரியம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் அடுப்படி ஜன்னலுக்குப் போனேன், வேறென்ன செய்வேன்?

அம்மா அழவில்லை. ஒரே சீராகப் பேசினாள். முதுகெல்லாம் புண், அதில் புழு. உயிர் லேசாகப் பிரியட்டும் என்று பால் ஊற்றிப் பார்த்தாயிற்று, மண்ணைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாயிற்று. தாத்தாவின் மகன் வந்து காலில் விழுந்தாராம். “மாட்டேன்னுதான் சொன்னேன். பச்சப் புள்ளயக் குளிப்பாட்டுற கை, நோகாமப் பண்ணும்னு அழுதாரு” என்றாள்.

“அவருக்குத் தெரியுமா?” சித்தியின் குரல் அது. “தாத்தாவுக்குத் தெரியுமா, எதுக்குக் குளிப்பாட்டுறீங்கன்னு?”

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“சிரிச்சாரு. பதினாலு மாசத்துக்கப்புறம் தலைக்குக் குளிக்கிறேன், நல்லாத் தேய்க்கிறியே தாயின்னாரு.”

உள்ளேயிருந்து சித்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து முற்றத்தில் வாந்தி எடுத்தாள். பெரியம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதைப் பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை. வெயிலில் அலைந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். என் அம்மாவைத் தாத்தா பாராட்டியிருக்கிறார் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

மூன்று மணி இருக்கும். பெரியம்மா ஆனையூர் அத்தையைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்து வந்தாள். சித்தி கூடவே இருந்தாள். நான் சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒனக்குத் தெரியும்ல? தலையத் தொட்டப்பவே தெரியும்ல?” என்றாள் பெரியம்மா.

அத்தை மறுக்கவில்லை. “தெரியும் மதினி. கை பட்ட ஒடனே தெரிஞ்சிருச்சு. எண்ணெ தேச்சு விட்டாகன்னு போய்ச் சொன்னா எந்த டேசன்ல எழுதிக்குவாக? சிரிப்பாக. அதான் மருந்துன்னேன். எங்கப்பா செத்ததுக்கு ஒருத்தராவது பதில் சொல்லணும்ல? என்னைய ஒரு வார்த்த கேட்டாகளா? நான் வச்சுப் பாத்திருக்க மாட்டனா?”

“அந்தச் சின்னப் புள்ளய உள்ள தள்ளிட்டா ஒங்கப்பா எழுந்திரிச்சு வந்துருவாரா?”

அத்தை சேலையால் மூக்கைச் சிந்தினாள். “சரி. யாரு கை? அத மட்டும் சொல்லுங்க. நான் அவ மூஞ்சியப் பாக்கணும்.”

“பாரு, இந்தா” என்றாள் பெரியம்மா. “எங் கைதான்.”

நான் திகைத்துப் போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே! அதற்குள் சித்தி ஒரு எட்டு முன்னால் வந்து பெரியம்மாவின் பக்கத்தில் நின்றாள். “தண்ணி ஊத்துனது நான்” என்றாள். செருப்பில்லாமல் ஊருக்குள் நடக்காத சித்தி, அப்போது வெறுங்காலோடு நின்றாள்.

“இல்ல, எங்க அம்...” என்று நான் வாயைத் திறந்தேன். சித்தியின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. பற்கள் உதட்டில் அழுந்தி ரத்தம் கரித்தது. அவ்வளவு பலம் அந்த ஒல்லிக் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குரல் இறங்கிப்போய்க் கேட்டாள்: “எங்கப்பா ஏதும் சொன்னாரா மதினி?”

பெரியம்மா கொஞ்சம் தடுமாறினாள். “நல்லாத் தேய்க்கிறியே தாயின்னாரு. சிரிச்சாரு.”

அத்தை அப்படியே மடங்கிப் பெரியம்மாவின் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வந்ததிலிருந்து அவள் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் எழுந்து போய், பஸ் நிறுத்தத்துக்கு ஆள் அனுப்பினாள், போலீஸ் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல. அவளே முன்னால் நடந்து நீர்மாலைக்குப் போனாள். மறுபடியும் பறை அடிக்கத் தொடங்கினார்கள். மேல வீட்டு அக்காவின் பக்கத்தில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே தாத்தாவைத் தூக்கிவிட்டார்கள்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. என்ன அநியாயம் இது? செய்தது என் அம்மா. தாத்தா சிரித்துப் பாராட்டியது என் அம்மாவை. அந்தப் பேரை இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, அதுவும் சண்டை தீர்ந்து ராசியான முதல் நாளே, திருடிக்கொண்டார்களே! வீங்கிய உதட்டோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். பெரியம்மா என் கை என்றது, சித்தி தண்ணீர் ஊற்றினேன் என்றது, தாத்தா சொன்னதைக்கூடத் தனக்குச் சொன்ன மாதிரிப் பெரியம்மா சொன்னது, எல்லாம். கூட்டாமல் குறைக்காமல்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். அவள் உடம்பு குலுங்கியதில் என் தலை அவள் முட்டியில் இடித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. சேலையைப் பிடித்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “அழுகாதம்மா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எல்லார்ட்டயும் நான் சொல்லிர்றேன், தாத்தாவக் குளிப்பாட்டுனது நீதான்னு” என்றேன்.

அம்மா இன்னும் சத்தமாக அழுதாள். அந்தப் பேர் மேல் அவளுக்கு அம்புட்டு ஆசை இருந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.